பதினான்கு மாதம் பணம் வந்தும் காட்டுவதற்கு ஒன்றுமில்லையே?

கேள்வி:

அம்மா, என் பெயரில் மாதாமாதம் பத்தாம் தேதி உதவித்தொகையாக ஒரு தொகை வங்கிக் கணக்கில் விழுகிறது. பதினான்கு மாதம் ஆகிவிட்டது. என் கணவர் ஐந்து நாள் வேலைக்குப் போனால் என்ன கூலி கிடைக்குமோ, அவ்வளவு. சொந்தமாகக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. மீதி நாளெல்லாம் இரண்டு பேருக்கும் கூலி வேலைதான். மூன்று பிள்ளைகள், மாமியார். இத்தனை மாதம் வாங்கியும் வீட்டில் புதிதாக ஒரு பொருள் இல்லை. "சும்மா வந்த காசு சும்மாவே போகும்" என்கிறார் என் கணவரின் அண்ணன். அவர் வீட்டுக்கு இந்தப் பணம் வரவில்லை. என் கணவரும் முன்போல எல்லா நாளும் வேலைக்குப் போவதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்தப் பணம் எங்களைச் சோம்பேறியாக்குகிறதா? இதை வைத்து முன்னேற வழி உண்டா? நான் வரவு செலவு எழுதும் நோட்டில் நான்கு மாதத்துப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

- ஒரு வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். நோட்டுப் பக்கங்களை மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். கிராமத்துக் குடும்பங்களோடு உட்கார்ந்து அவர்களுடைய வரவு செலவைப் பார்த்துக் கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. இவ்வளவு ஒழுங்காக எழுதிய கணக்கு கைக்கு வருவது அபூர்வம். இதை எழுதிய உங்களுக்கே இதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம்.

இந்தப் பணம் என்ன செய்தது என்று வீட்டுக்குள் வந்த பொருளில் தேடாதீர்கள். வீட்டை விட்டுப் போகாமல் நின்றது எது, வாங்காமல் விட்ட கடன் எது, வராமல் போன கஷ்டம் எது என்று தேடுங்கள். நடக்காத ஒன்றை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அதனால் அது கண்ணில் படுவதும் இல்லை. ஆனால் நீங்கள் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

பதினோராம் மாதத்துப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். சின்னவனுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி, மருந்து, பஸ், மறுபடி மருந்து என்று வரிசையாகத் தொகைகள். அதற்குக் கீழே, தொகை எழுதும் இடம் காலியாக இருக்க, "ஆடு விற்கல" என்று இரண்டே சொல். அடியில் பேனாவால் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். பதினான்காம் மாதத்துப் பக்கத்தில் "குட்டி 2" என்று வருகிறது. முன்பெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த ஆடு சந்தைக்குப் போயிருக்கும், இல்லையா? அவசரத்துக்கு விற்கிற ஆட்டுக்கு யாரும் நியாயமான விலை தரமாட்டார்கள். வாங்க வருகிறவருக்கு நம் அவசரம் முகத்திலேயே தெரிந்துவிடும். ஆடு சினையாக இருந்தால் வயிற்றில் இருக்கும் குட்டியும் சேர்ந்து போகும்.

அந்தச் செலவை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. நான்காம் தேதி பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியிருக்கிறீர்கள். பத்தாம் தேதி திருப்பியிருக்கிறீர்கள். ஆறே நாள். பத்தாம் தேதி எப்படியும் பணம் விழும் என்று தெரிந்ததால் கேட்க உங்களுக்கு வாய் வந்தது. அது அவர்களுக்கும் தெரிந்ததால் கொடுக்க மனம் வந்தது. அந்த மாதத் தொகை ஆஸ்பத்திரிச் செலவில் பாதிக்குக்கூட வந்திருக்காது. ஆட்டைக் காப்பாற்றியது தொகை என்பதைவிட, தேதி என்றே நான் சொல்வேன்.

இப்போது முதல் மாதத்துப் பக்கம். "வாங்கியது" என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. கடை பாக்கி, தவணைக்காரர், நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு ஒருவர், மேஸ்திரியிடம் முன்பணம் என்று நான்கு கைகள். கடைசிப் பக்கத்தில் அதே சொல் இரண்டே இடத்தில் இருக்கிறது. இரண்டும் கைமாற்று, வட்டி கிடையாது. நூற்றுக்கு ஐந்து என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். அது மாதத்துக்கு ஐந்து. வருடத்துக்கு அறுபது. நூறு ரூபாய்க் கடனை அசல் அடைக்காமல் இரண்டு வருடம் இழுத்தால் வட்டி மட்டும் நூற்றிருபது. பதினான்கு மாதப் பணம் எங்கே போனது என்று கேட்டீர்களே, அதில் பெரிய பங்கு இந்த ஓட்டையை அடைக்கப் போயிருக்கிறது. பீரோ வாங்கியிருந்தால் ஊருக்குத் தெரிந்திருக்கும். வட்டிக்காரர் வாசலுக்கு வராமல் போனது ஊருக்கு எப்படித் தெரியும்?

இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. மேற்குக் கென்யாவில் ரரியேடா பகுதியில் 2011, 2012 ஆண்டுகளில் ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனை இல்லாமல் பணம் கொடுத்து, என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு மாதாமாதம், இன்னொரு பகுதியினருக்கு மொத்தமாக ஒரே தடவை. மொத்தமாக வாங்கியவர்கள் கூரை ஓலையை மாற்றித் தகரம் போடுவது போன்ற பெரிய செலவுகளைச் செய்தார்கள். மாதாமாதம் வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுப்பாடு நன்றாகக் குறைந்தது. சிறுகச் சிறுக வரும் பணம் வயிற்றுக்கும் கடனுக்கும் மருந்துக்கும் போகும். அது அப்படிப் போவதுதான் முறை. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று கூச்சப்படாதீர்கள். பிள்ளைகளின் தட்டைக் காட்டலாம்.

தேதி தவறாமல் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கானா நாட்டைச் சொல்லலாம். அங்கே 'லீப்' என்றொரு அரசு உதவித்தொகைத் திட்டம் உண்டு. அதன் தொடக்க ஆண்டுகளில் தவணைகள் மாதக்கணக்கில் நின்றுபோகும், பிறகு சேர்த்து மொத்தமாக வரும். 2010 முதல் 2012 வரை கவனித்துப் பார்த்தவர்கள், குடும்பங்களின் கடன் குறைந்திருக்கிறது, சேமிப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் அன்றாடச் செலவு உயர்ந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். எப்போது வரும் என்று தெரியாத காசை நம்பி யார் உலை வைப்பார்கள்?

பணக் கவலை குறைந்தால் மனசும் தெளிகிறது. அதற்குக் கண் முன்னால் சாட்சி வேண்டுமானால் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் செய்த சோதனை 2013ல் 'சயின்ஸ்' என்ற அறிவியல் இதழில் வந்தது. கரும்புக்கு வருடத்தில் ஒரு தடவைதான் பணம். அறுவடைக்கு முன்னால் கை வறண்டு கிடக்கும்போதும், அறுவடை முடிந்து பணம் வந்த பின்னும் அதே ஆட்களுக்கு யோசித்துச் செய்யும் சில சோதனைகள் வைத்தார்கள். பணம் வந்த பின் அதே மனிதர் இன்னும் வேகமாக, இன்னும் சரியாகச் செய்தார். ஆள் மாறவில்லை, அறிவு மாறவில்லை. நாளைக்கு என்ன செய்வது என்ற நினைப்பு மூளையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அது எழுந்து போனது. ஏழைகள் யோசிக்காமல் செலவு செய்கிறார்கள் என்று பேசுகிறவர்கள் இந்தச் சோதனையை ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

இனி உங்கள் கணவர் விஷயம். இதைத்தான் நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள்.

நோட்டில் அவர் கூலிக்குப் போன நாளுக்கு ஒரு புள்ளி வைக்கிறீர்கள். ஆறாம் மாதத்துப் பக்கத்தில் ஒன்பது நாள் புள்ளி இல்லை. அந்த ஒன்பது நாளில் ஏழு நாளுக்கு நேரே பொடி எழுத்தில் "நம்ம நிலம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது விதைப்பு மாதம். போன வருடம் அதே விதைப்பு நேரத்தில் அவர் எங்கே இருந்தார்? கடிதத்தின் நடுவில், இங்கே சுருக்கியதில் விடுபட்ட ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கிறீர்கள்: முன்பணம் வாங்கியதால் மேஸ்திரியோடு வெளியூர் போய்விட்டார், திரும்பி வந்து விதைப்பதற்குள் ஈரம் போய்விட்டது. இந்த வருடம் மேஸ்திரி வந்தபோது முன்பணம் வாங்கவில்லை. மழை பெய்த மறுநாள் சொந்த நிலத்தில் ஏர் இறங்கியிருக்கிறது. தங்கையே, இவரையா சோம்பேறி ஆகிறாரோ என்று கேட்டீர்கள்? மீதி இரண்டு நாள் என்ன செய்தார் என்று நோட்டில் இல்லை. மனுஷன் இரண்டு நாள் படுத்துத் தூங்கியிருந்தாலும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பை முதலாகப் போட்டுப் பிழைக்கிறவருக்கு ஓய்வும் செலவுக் கணக்கில் சேர்ந்ததுதான்.

மத்தியப் பிரதேசத்தில் 2011-12ல் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃப் உதவியோடு, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா இதை நேரடியாகச் செய்து பார்த்தது. எட்டு கிராமங்களில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய், எந்த நிபந்தனையும் இல்லாமல். பிறகு அதை 300, 150 என்று உயர்த்தினார்கள். பணம் வாங்காத பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கூலி வேலையை விட்டுச் சொந்த நிலத்தில் அதிகம் உழைக்கிறவர்கள் கூடியிருந்தார்கள், ஆடு மாடு பெருகியிருந்தது, கடன் குறைந்திருந்தது. கூலிக்குப் போகிற நாள் குறைவதும் உழைப்பு குறைவதும் ஒன்றில்லை. தன் வேலையைத் தள்ளிவைத்துப் பிறர் வேலைக்கு ஓட வேண்டிய கட்டாயம்தான் குறைகிறது.

பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் உடன் ஆராய்ந்த மூவரும் 2017ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மெக்சிகோ, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் உட்பட ஆறு நாடுகளில் நடந்த ஏழு திட்டங்களின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்து, பணம் வாங்கியதால் ஆண்களோ பெண்களோ வேலையைக் குறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை என்றார்கள். குடிக்குப் போய்விடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. உலக வங்கிக்காக டேவிட் இவான்ஸ், ஆனா பொப்போவா என்ற இருவர் 2014ல் வெவ்வேறு நாட்டு ஆய்வுகள் 19ஐ எடுத்து இதை மட்டும் சோதித்தார்கள். உதவித்தொகை வந்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடுகிறது என்று பொதுவாகச் சொல்ல இடமே இல்லை. ஏற்கெனவே குடிக்கிற வீட்டில் குடி இருக்கலாம். அதற்கு இந்தப் பணத்தைக் காரணம் சொல்வது நியாயமில்லை.

கணவரின் அண்ணன் சொன்னதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அவர் வீட்டுக்கு இந்தப் பணம் வரவில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. அதே நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட இரண்டு வீடு, அதே கஷ்டம், ஒரு வீடு பட்டியலில் இருக்கிறது, இன்னொரு வீடு இல்லை. எந்த நாட்டிலும் பயனாளிப் பட்டியல் போடும்போது இப்படித் தகுதி உள்ளவர்கள் விடுபடுகிறார்கள். விடுபட்டவருடைய வலி பெரும்பாலும் பக்கத்து வீட்டின் மேல் கோபமாகத்தான் வெளியே வரும். அவர் வாயை அடைக்க ஆய்வுகளைச் சொல்ல வேண்டாம். அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் மறுபடி விண்ணப்பம் போடுங்கள். விடுபட்டதற்கு என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். ஆதாரத்தில் ஒரு பெயர் எழுத்து மாறியிருப்பது, கணக்கு செயலிழந்து கிடப்பது போன்ற அற்பக் காரணமாகவே இருக்கலாம். கணக்கு எழுதத் தெரிந்த உங்களைவிட அவர்களுக்கு நல்ல துணை யாரும் கிடைக்கப்போவதில்லை.

சரி, முன்னேற வழி கேட்டீர்கள்.

முதலில் பீரோவை மறந்துவிடுங்கள். வட்டிக் கடன் ஏதாவது மிச்சம் இருந்தால், தொகை சின்னதோ பெரிதோ, வட்டி எது அதிகமோ அதை முதலில் முடியுங்கள். ஐந்து வட்டிக் கடனை அடைப்பதற்கு நிகரான சேமிப்பு எந்த வங்கியிலும் இல்லை. அடுத்தது, கொடுக்க வேண்டிய தேதிகளையெல்லாம் பத்துக்குப் பின்னால் தள்ளப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் தவணை ஆறாம் தேதி விழுகிறது. நான்கு நாள் முன்னால். அந்த நான்கு நாளுக்காகவே முதல் மாதத்தில் ஒரு கைக்கடன் வாங்கியிருக்கிறீர்கள். தவணைக்காரரிடம் போய், பன்னிரண்டாம் தேதி தவறாமல் தருகிறேன் என்று பேசிப் பாருங்கள். தேதி உறுதியாகத் தெரிந்தவர்களோடு அவர்களும் ஒத்துப்போவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, சீட்டு. உங்களைப் போலவே பத்தாம் தேதி பணம் விழுகிற, நீங்கள் முகம் பார்த்துப் பழகிய எட்டுப் பத்துப் பெண்கள் சேர்ந்து மாதத் தொகையில் ஒரு பகுதியைப் போட்டு, மாதம் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏலம் வேண்டாம், தள்ளு வேண்டாம், குலுக்கல் போதும். கென்யாவில் 2018ல் தொடங்கிய இன்னொரு திட்டத்தில் சில கிராமங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு மாதாமாதம் தருவதாகவும், சில கிராமங்களுக்கு இரண்டே ஆண்டு தருவதாகவும் சொன்னார்கள். பன்னிரண்டு ஆண்டு வரும் என்ற உறுதி கிடைத்தவர்கள் இந்த மாதிரிச் சீட்டில் அதிகம் சேர்ந்து, சின்னத் தொகையைப் பெரிய தொகையாக மாற்றி, சிறு தொழிலில் போட்டார்கள். மாதம் வருவதன் நிம்மதியும் மொத்தமாகக் கிடைப்பதன் பலமும் இப்படிச் சேர்ந்து கிடைக்கும். எவ்வளவு போடலாம்? மெக்சிகோவில் 1997ல் தொடங்கிய 'ப்ரோகிரெசா' என்ற உதவித்தொகைத் திட்டத்துக் குடும்பங்கள், வந்த ஒவ்வொரு பெசோவிலும் (அது அந்த நாட்டுப் பணம்) முக்கால் பங்கு போல அன்றாடத்துக்குச் செலவழித்து, கால் பங்கை ஆடு மாடு, நிலம், கைத்தொழில் என்று போட்டதாக ஒரு கணக்கு உண்டு. சில ஆண்டுகளில் அந்த முதலீடே அவர்கள் வரவை உயர்த்தியது. கால் பங்கு என்பது உங்களுக்கும் தாங்கும் என்று உங்கள் கடைசிப் பக்கம் சொல்கிறது. பெயர் தெரியாத ஆள் நடத்தும் சீட்டில் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பணம் எடுக்கும் கார்டையும் பாஸ்புக்கையும் யாரிடமும் அடகாகக் கொடுக்காதீர்கள். மாதாமாதம் பணம் வருகிறது என்று தெரிந்ததும், "கார்டு என்னிடம் இருக்கட்டும், பெரிய தொகையாகத் தருகிறேன்" என்று ஆள் வருவார்கள். கார்டு கைமாறிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பணம் வருவது நிற்காது, ஆனால் அந்த வீட்டுக்குள் வராது. ரகசிய எண்ணை ஒரு தாளில் எழுதிக் கார்டோடு சுற்றிக் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்க மூன்று வருடம் நடந்த ஒரு பாட்டியை என்னால் மறக்க முடியவில்லை. பணம் எடுத்துக் கொடுக்கிறவர் தொகையில் பிடித்துக்கொண்டால், எவ்வளவு எடுத்தார் என்று ரசீது கேளுங்கள்.

கணக்கு உங்கள் பெயரில் இருப்பது நல்லதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் முதியோர் ஓய்வூதியத்தை வைத்து எஸ்தர் டுஃப்ளோ என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தபோது, பாட்டி கையில் பணம் வந்த வீடுகளில் பேத்திகள் உடம்பு தேறியிருந்தது. தாத்தா கையில் வந்த வீடுகளில் அப்படித் தெரியவில்லை. அதே சமயம் நான் மேலே சொன்ன ரரியேடாவில், பணம் மனைவிக்குப் போனாலும் கணவனுக்குப் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே பெயர் மட்டும் போதாது. நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதும் பார்க்கவேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் இந்தப் பணம் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வாத்தியார் இல்லாத பள்ளிக்கு வாத்தியாரைக் கொண்டுவராது. மழையைக் கொண்டுவராது. பல நாடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் நாள் கூடியது, ஆனால் படிப்பு அந்த அளவுக்குக் கூடவில்லை. பணம் வருகிறதே என்று பள்ளிக்கூடத்துக்காகவும் ஆஸ்பத்திரிக்காகவும் ஊர் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், நோட்டைத் திருப்பிவைத்து ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. "பெரியவள் ஒன்பதாவது போறா. அத்தை வேண்டாம்னாங்க. ஃபீஸ் கட்டியாச்சு." ப்ரோகிரெசாவில் உயர்நிலை வகுப்புக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குப் பையன்களைவிடக் கூடுதல் தொகை வைத்தார்கள். ஏனென்றால் படிப்பு நிற்பது அந்த வயதில், அந்தப் பிள்ளைக்குத்தான். அங்கே பெண்கள் மேல் வகுப்புக்குப் போவது உண்மையாகவே கூடியது. உங்கள் வீட்டில் கூடுதல் தொகையும் இல்லை, கட்டாயமும் இல்லை. நீங்களே கட்டியிருக்கிறீர்கள். அத்தையோடு சண்டை வேண்டாம். பெரியவளையே அந்த நோட்டில் கணக்கு எழுத வையுங்கள். பேத்தி உட்கார்ந்து எழுதுவதை அவர்களும் பார்க்கட்டும்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி தாண்டியதும், இன்னும் மிச்சமிருக்கும் கடன்களை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்: யாருக்கு, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தத் தேதி. எதை முதலில் முடிப்பது, சீட்டை எந்த மாதம் தொடங்குவது என்று சேர்ந்தே பார்க்கலாம். அண்ணன் வீட்டு விண்ணப்பத்தின் நகலும் இருந்தால் கூட வையுங்கள்.

அன்புடன்,
அக்கா